எட்டு வருசத்துச் சைக்கிள்

மூன்றாவது நாளும் அந்த மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. மோட்டார் சைக்கிளைக் கடை வாசலில் விடாமல், நாலு வீடு தள்ளி வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு நடந்து வந்தார். வந்தவரின் கண் நேரே, கீர்த்திகன் திருத்த விட்டிருந்த சைக்கிளில் போய் நின்றது.

சண்டிலிப்பாயில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சுதாகரன், கைவேலையை விட்டுவிட்டு அவரையே கவனித்தான். போன வருடம் திருத்த விட்ட ஒரு சைக்கிள் கடையிலிருந்து களவு போக, அதை அவனே விற்றுவிட்டான் என்று ஊர் கதை கட்டியது. இன்னொன்றும் போனால் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டில் குந்த வேண்டியதுதான்.

இது ஊருக்குள் ஓடுகிற சாதாரண சைக்கிளும் அல்ல. நீந்தி, சைக்கிள் ஓடி, அதோடு விடாமல் காலாலும் ஓடுகிற ட்ரையத்லன் போட்டிக்கென்றே செய்தது; முழங்கையை முன்னால் ஊன்றி, குனிந்து படுத்தபடி ஓட வேண்டும். அடுத்த மாதம் திருகோணமலையில் கீர்த்திகனுக்குப் போட்டி.

"புதுசு வாங்குவமோ அண்ணை, உதையே திருத்துவமோ?" என்று போன கிழமை அவன் கேட்டபோது சுதாகரன் யோசிக்கவே இல்லை.

"பிறேம் கல்லு மாதிரி இருக்கடா. சில்லு ரெண்டையும் கியரையும் மாத்தினால் புதுசிலை வாறவனைக் கலைச்சுப் பிடிப்பாய்."

"அப்ப அதையே செய்யுங்கோ. அம்மாவும் புதுசுக்கு விடமாட்டா, முதல்லை வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கட்டாம். உங்களை நம்பித்தான் விட்டிட்டுப் போறன்."

நம்பி விட்டுப்போன மறுநாளே இந்த ஹெல்மெட்காரர் முளைத்தார். "உது கீர்த்திகன்ரைதானே?" என்று முதல் நாள் கேட்டார். இரண்டாம் நாள், அவன் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டு எத்தனை மணிக்கு வீடு திரும்புவான் என்று கேட்டார். மூன்று நாளிலும் ஒரு பஞ்சர் ஒட்டவோ காற்றடிக்கவோ அவருக்குத் தேவைப்படவில்லை.

இன்றைக்குச் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"தம்பி, உது வாங்கி எவ்வளவு காலம்?"

"எட்டு வருசம்."

"எட்டு வருசமோ! உழைப்பு இருந்தும் புதுசுக்கு ஆசைப்படாமல், பழசையே திருத்தி வைச்சிருக்கிறார் என்ன?"

ஹெல்மெட்டுக்குள் ஒரு சிரிப்புத் தெரிந்தது. பழசைக் கேட்டு இவ்வளவு சந்தோசப்படுகிற கள்ளனைச் சுதாகரன் அன்றுதான் கண்டான்.

"வீட்டிலை தாயும் அவரும் மட்டுந்தானோ?"

"ஓம்."

சைக்கிளில் செருகியிருந்த தண்ணீர்ப் போத்தலைக் காட்டினார். "உந்தப் போத்தலுக்குள்ளை என்ன விட்டுக் குடிக்கிறவர்?"

சுதாகரன் மனதுக்குள் கணக்குப் போட்டான். ஆளில்லாத நேரம் கேட்டாயிற்று, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாயிற்று, இனிப் போத்தலுக்குள் மயக்க மருந்து கலப்பதுதான் பாக்கி. பொலிசுக்குப் போனால், கேள்வி கேட்டதற்காக ஆளைப் பிடிக்க ஏலாது என்று திருப்பி அனுப்புவார்கள்.

இனி ஒரே வழிதான். சைக்கிளின் சொந்தக்காரன் என்றால் குலை நடுங்க வேண்டும். ஆனால் அந்தச் சொந்தக்காரனோ, எறும்பு போனாலும் சில்லைத் திருப்பி வழிவிடுகிறவன். போத்தலுக்குள் இருப்பது உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர். இந்த உண்மைகளையெல்லாம் சுதாகரன் ஒரே மிடறில் விழுங்கினான்.

"ஐயா, ஆள் ஆரெண்டு தெரியாமல் கேக்கிறியள்" என்று குரலைத் தாழ்த்தினான். "விடிய நாலு மணிக்கே போத்தலும் கையுமாய்த்தான் வெளிக்கிடுவான்."

"என்ன தம்பி சொல்லுறியள்?"

"கோவம் வந்தால் கண்மண் தெரியாது. தன்ரை சாமானிலை கை வைச்ச ஒருத்தனுக்கு அடிச்ச அடியிலை, அவன் இன்னும் ஆஸ்பத்திரியிலை கிடக்கிறான்."

"படத்திலை சாதுவாய்த் தெரிஞ்சாரே?"

படம் வேறு எடுத்து வைத்திருக்கிறாரா! சுதாகரனுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. வாய் தன்பாட்டில் ஓடத் தொடங்கியது.

"படத்திலை ஆர்தான் சாதுவில்லை? வாள்வெட்டுக் கோஷ்டியிலை முக்கால்வாசி அவன்ரை கூட்டாளிமார். பெத்த தாயே அவனுக்குப் பயந்துதான் சோறு போடுறா. நான் சொன்னதெண்டு வெளியிலை விட்டிடாதேங்கோ, பிறகு என்ரை கழுத்திலைதான் வாள்."

மனிதர் முதல் தடவையாக ஹெல்மெட்டைக் கழற்றினார். அறுபது வயது முகம், நெற்றி நிறையத் திருநீறு, அதன்மேல் முத்து முத்தாக வியர்வை. கள்ளர் இந்தக் காலத்தில் எப்படியெல்லாம் வேஷம் போடுகிறார்கள் என்று சுதாகரன் நினைத்துக்கொண்டான்.

"நல்ல காலம் தம்பி, உங்களிட்டை வந்து விசாரிச்சது. கடவுள்தான் உங்கடை வாயாலை சொல்லுவிச்சிருக்கிறார்."

கும்பிட்டுவிட்டு, வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் நடந்தார். சுதாகரனுக்குப் பெருமை தாங்கவில்லை. அடி இல்லை, பிடி இல்லை, வெறும் வாயால் ஒரு கள்ளனைக் கலைத்திருக்கிறான். மாலையில் கீர்த்திகன் வந்ததும் இதை ஒரு எழுத்து விடாமல் சொல்ல வேண்டும்.

எதற்கும் மோட்டார் சைக்கிள் இலக்கத்தைக் குறித்து வைப்போம் என்று பேனையோடு மதிலோரமாகப் பதுங்கிப் பின்னால் போனான். வேப்பமரத்தடியில் அந்த மனிதர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அழுகிற குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஞானாம்பிகை, பத்துக்கு ஒன்பது பொருத்தம் இருந்தென்ன, எங்கடை பிள்ளைக்கு உந்த மாப்பிளை வேண்டாம்!"