பாய்லரை வழியனுப்பிய நாள்

பாய்லர் லாரியில் ஏறியதும் புகையக்காவுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது.

சாய மில்லின் புகைக் கணக்கைப் பார்ப்பவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். பூமி தாங்க வேண்டுமானால் புகையை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்களோ, அதையே மில்லுக்கும் இலக்காக வைக்கச் சொல்லி முதலாளியிடம் நடையாய் நடந்தவள்.

“பத்து வருஷத்துல பாதியாக் குறைக்கணும்னு கேட்டீங்க. ஒரே நாள்ல முடிச்சுட்டேன், திருப்திதானே?” என்றார் முதலாளி.

“வயித்துல பாலை வார்த்தீங்க சார். இனி இதுக்குப் பதிலா கரண்ட் மெஷின் வந்துடுமா?”

“அதைப் பாத்துக்கலாம். மதில் சுவருக்கு வெளிய எரியறது இந்த இலக்குல சேராதுல்ல?”

“இப்போதைக்குச் சேராது சார். அடுத்த கட்டத்துல சேர்த்துடணும்.”

அதையும் சேர்த்தால் மனிதர் இலக்குத் தாளில் கையெழுத்தே போடமாட்டார் என்று அவளேதான் விட்டுக்கொடுத்திருந்தாள். முதலாளி தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

லாரிமேல் பாய்லர் ஆபரேட்டர், கண்ணாடி மீட்டருக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணே, பழைய இரும்புக் கடைக்குப் போறதுக்கு இத்தனை சீராட்டா?”

“ஒரு கீறல் விழாம அனுப்பணும்னு உத்தரவும்மா.”

அவள் சிரித்துக்கொண்டே, சுமை ஏற்றியவர்களுக்குத் தன் கையால் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். மனமெல்லாம் தங்கை மகளிடம் இருந்தது. இந்தப் புகையில் மூச்சிரைத்து மூச்சிரைத்து, டாக்டர் சொன்னபடி பெற்றவர்கள் இருந்த வீட்டை விற்று ஊர்க்கோடிக்குக் கூட்டிப்போன குழந்தை. அங்கே போன பிறகுதான் படுத்தால் தூங்குகிறாள்.

‘ஆண்டவா, இனி எந்தக் குழந்தையும் காற்றைத் தேடி ஓட வேண்டாம்’ என்று கைகூப்பினாள். லாரி கேட்டைத் தாண்டியது. புகைபோக்கிக்கு மேலே வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

சாயங்காலம் தங்கையிடமிருந்து போன் வந்தது.

“உனக்கு நூறாயுசுடி! இப்பத்தான் நினைச்சேன். எங்க மில்லுல புகை நின்னுபோச்சு. பெரியம்மா ஜெயிச்சுட்டான்னு பாப்பாகிட்ட சொல்லு.”

மறுமுனையில் ஜன்னல்களை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

“அக்கா, உங்க பாய்லரை எங்க வீட்டுக்குப் பின்னாலதான் இறக்கிட்டிருக்காங்க.”