ஐந்தாவது சட்டை

உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து, அவன் மூன்றாவது சட்டையைக் கழற்றிவிட்டு நான்காவதை மாட்டினான்.

கிழங்கு விற்கிற அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். காலையிலிருந்து ஒரு கிழங்குகூட வாங்காமல் அவள் கடையை உடை மாற்றும் அறையாக்கிக்கொண்டிருந்தான்.

"பொண்ணு பார்க்கவா போறே? சீக்கிரம் மாட்டுடா, வெயில் போகுது" என்றான் டைரக்டர்.

டைரக்டர் அவனுடைய அறைத்தோழன். ஒரு படமும் எடுத்தவனில்லை. நல்ல கேமரா உள்ள போன் வைத்திருந்ததால் வந்த பட்டம்.

திட்டம் சுலபமானது. வாரத்துக்கு ஒரு சட்டை, சட்டைக்கு ஒரு கடை. பழக்கடையில் நீலம். தொப்பிக் கடையில் கட்டம் போட்டது. பூக்கடையில் வெள்ளை. கிடைத்த ஒரே விடுமுறையில் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்து முடித்துவிட வேண்டும். போன தடவை எடுத்தவை தீர்ந்துவிட்டன.

மற்ற ஞாயிறுகளில் அவன் ஒரு சலவை நிலையத்தின் நிலவறையில், ஆவிக்கு நடுவே, ஊரார் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருப்பான். இரண்டு முறை தேர்வில் கோட்டை விட்டதில் கல்லூரி அவன் பெயரை அடித்துவிட்டிருந்தது.

அம்மாவுக்கு மட்டும் அவன் இன்னும் கடைசி வருட மாணவன். அப்படியே இருக்க வேண்டும்.

அதனால்தான் போனில் பேசுவதை நிறுத்தினான். அவன் சொல்லும் 'ஹலோ'வை வைத்தே, மத்தியானம் சாப்பிட்டானா இல்லையா என்று சொல்லிவிடுகிறவள் அம்மா. அவளிடம் வாய்விட்டுப் பொய் சொல்ல அவன் இன்னொரு பட்டம் படிக்க வேண்டும். முதல் பட்டமே கிடைத்தபாடில்லை.

'படிப்பு கழுத்தை நெரிக்குதும்மா. இனிமே ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு போட்டோ அனுப்பிக்கலாம்' என்று எழுதிப் போட்டான்.

'அம்மா சரிங்கிறா' என்று அப்பாவின் போனிலிருந்து பதில் வந்தது.

அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை, ஒரு மூக்குச் சிந்தல் இல்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்கூட உண்டு.

அன்றிலிருந்து அம்மா வாரம் ஒரு புடவையில் வந்தாள். அதே நாற்காலி, அதே சிரிப்பு. போன மாதம் சித்தியின் பட்டுப்புடவையைக்கூடக் கட்டிக்கொண்டு வந்தாள். வளையல் முழங்கைப் பக்கம் ஏறிக் கிடந்தது. 'ஹீரோயின் டயட்ல இருக்காங்களா?' என்று அவன் கிண்டல் செய்தான். அப்பா ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினார். அப்பாவுக்கு அதெல்லாம் அனுப்பத் தெரியும் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும்.

"டேய், மாட்டினோம்" என்றான் டைரக்டர், எடுத்த படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே. "கட்டை விரலைப் பாரு. எல்லாத்துலயும் அதே பிளாஸ்திரி. ஒரு மாசமாவா காயம் ஆறல?"

இஸ்திரி இயந்திரம் சுட்ட விரல். சட்டை மாற்ற ஞாபகமிருந்தவனுக்கு விரலை மறைக்க ஞாபகமில்லை.

"எங்கம்மா முதல்ல பார்க்கிறதே விரலைத்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அப்போது போன் கிணுகிணுத்தது. இந்த வாரத்து அம்மா. பச்சைப் புடவை. கீழே, வழக்கம்போல்: 'அம்மா நல்லா இருக்கா. நீ படிப்பைப் பாரு.'

டைரக்டர் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். காலையிலிருந்து குற்றம் கண்டுபிடித்துப் பழகிய கண்.

"ஏன்டா, உங்க வீட்ல காலண்டர்ல தேதியே கிழிக்க மாட்டீங்களா?"

அம்மாவின் தலைக்கு மேலே சுவரில் தினசரிக் காலண்டர். பதினாலு.

அம்மா பல் விளக்குவதற்கு முன்பே தேதி கிழிக்கிறவள்.

அவன் போன வாரத்துக்குப் போனான். பதினாலு. அதற்கு முந்தின வாரம், பதினாலு. சித்தியின் பட்டுப்புடவைக்கு மேலேயும் பதினாலு. தள்ளத் தள்ள, முதல் படம்வரை, மூன்று மாதத்துக்கு முந்தின அதே பதினாலு.

டைரக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"வீட்டுக்குப் போன் போடுடா" என்றான் மெதுவாக.

அவன் போடவில்லை. ஐந்தாவது சட்டை கையில் தொங்க, முதல் படத்தைப் பெரிதாக்கினான்.

அம்மாவின் பக்கத்தில் ஒரு முக்காலி. அதன்மேல் மடித்து அடுக்கிய புடவைகள், நாற்காலிக் கைப்பிடி உயரத்துக்கு. துவைத்து மடித்து வைத்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். சலவைக்காரன் புத்தி.

இரண்டாவது படத்தில் ஒன்று குறைந்திருந்தது. மூன்றாவதில் இன்னொன்று.

இன்றைய படத்தில் முக்காலிமேல் ஒரே ஒரு புடவை மிச்சம் இருந்தது.