முன்வரிசை

நடுக்குவாத விழிப்புணர்வு நடைப்பயணத்தில் இருந்தவர்கள்: சங்கத் தலைவர் தேவசகாயம், செயலாளர் ரேணுகா, ஒரே நிறச் சட்டையில் கல்லூரி மாணவர்கள், நான், அந்நோய் கண்ட என் தங்கை குஞ்சரம். சங்கத்தைத் தொடங்கியவளே அவள்தான். முன்வரிசையில் பதாகையின் ஓரத்தைப் பிடித்தபடி அரையடி அரையடியாக நடந்தாள். பின்னால் ஊர்வலம் தேங்கியது.

“அம்மா, வண்டியில ஏறிக்குங்க. கையாட்டிக்கிட்டே வரலாம்” என்றார் ரேணுகா.

“யாருக்காகம்மா நடக்குறீங்க?” என்றாள் குஞ்சரம்.

“உங்களுக்காகத்தாம்மா. லேட்டானா போலீஸ் சத்தம் போடும்.”

சங்கம் பெரிதாகிவிட்டால் அதற்கு நோயாளியைவிட ஒழுங்கு முக்கியம். பதாகையை அவள் விரல்களிலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நாங்கள் இருவரும் போய்ச் சேர்ந்தபோது நிறைவுக் கூட்டத்துப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வண்டியில் வந்ததாக ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. தவறு. எங்கள் வீட்டுப் பெண் நடந்துதான் வந்தாள்.