உள்ளே வராத சமையலறை

"சமையலறை வெளியே போயிடுச்சு, சரி. இப்ப உள்ளே வரச் சொல்லுங்க, பார்க்கலாம்," என்றாள் அர்லீன். ஒரு கையால் எலுமிச்சைச் செடித் தொட்டியை இடுப்போடு அணைத்திருந்தாள். மறு கையால் அடுப்பு மேடையைத் தட்டினாள்.

மெரிட் பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். குடியிருந்துகொண்டே ஊர் ஊராகப் போகும் அவருடைய பழைய வீட்டு வண்டியில் பொத்தானை அழுத்தினால், பக்கச் சுவரின் ஒரு பகுதி அடுப்போடும் குளிர்பெட்டியோடும் இழுப்பறையைப்போல வெளியே நகரும். உள்ளே நடமாட இடம் கிடைக்கும். வெளியே போவதில் அதற்கு ஒரு சிரமமும் இல்லை.

"திறந்தே இருக்கட்டுமே மேடம். நல்லாக் காத்து வருது பாருங்க."

"காத்து வாங்கவா வந்தேன்? அழுத்துங்க."

குறையை மறைத்து விற்பவர்களை வாழ்நாளெல்லாம் ஏசித் தீர்த்தவர் மெரிட். பழைய கார் ஒன்றைப் புதியதாக்கிக் காட்டி விற்ற சொந்த மைத்துனனோடு பேச்சையே முறித்துக்கொண்டவர். அத்தகையவர் இன்று வாய்மூடி நிற்கிறார். கோடை நெருங்கிவிட்டது, குவார்ட்ஸைட் என்ற அந்தப் பாலைவன ஊரில் குளிர்காலத்துக்கு வந்து தங்கிய வண்டிகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. இதை விற்றால்தான் அவர் ஒஹையோவில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர முடியும். வாங்க வந்தவர்களோ இந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்ததும் ஓடிவிடுகிறார்கள்.

வண்டியின் முன்புறத்திலிருந்து அர்லீனின் கணவன் டுவேனுடைய குரல் வந்தது. அவன் இன்ஜினுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தான்.

"அவகிட்ட மாட்டிக்கிட்டீங்களா சார்? இந்தக் குளிர்காலம் பூரா ஏழு வண்டி பார்த்தாச்சு. எல்லாத்துலயும் சமையலறை வெண்ணெய் மாதிரி போச்சு, வந்துச்சு. மகாராணிக்குத்தான் ஒண்ணும் பிடிக்கல."

"நீ இன்ஜினைப் பாரு. சமையலறை என் பொறுப்பு. அதானே பேச்சு?"

"பேச்சு அதான், நான் இல்லேங்கலையே. ரெண்டு வாரத்துக்கு மேல ஓர் ஊர்ல நின்னா எனக்குக் கால் அரிக்கும் சார். இவ என்னடான்னா, அந்தச் செடிய மண்ணுல வெக்கணும்னு வருஷக்கணக்காத் தூக்கிட்டுத் திரியறா. ஓடற வண்டியில மண்ணுக்கு எங்க போவேன்?"

அர்லீன் எலுமிச்சை இலை ஒன்றில் படிந்திருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தாள். பிறகு தானே பொத்தானை அழுத்தினாள்.

சமையலறை ஒரு சாண் உள்ளே வந்தது, முனகியது, நின்றுவிட்டது.

மெரிட் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுக்குங்க. மோட்டார் வெளியே தள்ளும், உள்ளே இழுக்காது. சொல்லியிருக்கணும்."

"வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா வண்டி ஓடுமா?"

"நகராது. கியரே விழாத மாதிரி பூட்டு வெச்சிருக்கான்."

"அப்ப நீங்க எப்படி ஓட்டினீங்க?"

அவர் கருவிப் பெட்டியிலிருந்து வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றை எடுத்துக் காட்டினார். "வெளியே சுவருக்கு அடியில ஒரு துளை இருக்கு. இதை விட்டுச் சுத்தினா உள்ளே வரும்."

"கடையில இது மாதிரி வேற கிடைக்குமா?"

"வண்டியைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. உடைச்ச வண்டி விக்கிற இடம் ஒண்ணு விடாம அலைஞ்சுட்டேன்."

"வேற எதையாவது விட்டுத் திருகினா?"

"ரெஞ்சு, குழாய், எல்லாம் பார்த்தாச்சு. பிடிக்காது."

"மோட்டாரை மாத்தினா?"

"அதுவும் கிடைக்காது மேடம்."

ஒவ்வொரு கேள்வியும் வழக்கறிஞரின் கேள்வியைப்போல விழுந்தது. இந்த வியாபாரமும் போயிற்று என்று மெரிட் முடிவு செய்தார். "விலையைக் குறைச்சுக்கறேன்."

"நான் கேட்டேனா? எங்க கையெழுத்துப் போடணும்?"

அவருக்குத் தம் காதுகளையே நம்ப முடியவில்லை. "உங்க வீட்டுக்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். மறைச்சு வித்தேன்னு இருக்க வேண்டாம்."

"அவன்கிட்ட வாயைத் திறந்தீங்கன்னா நான் வாங்க மாட்டேன். சமையலறை என் பொறுப்பு."

கணவனுக்குக் கவலை தரக் கூடாதென்று எல்லாவற்றையும் தானே சுமக்கிற மனைவி என்று மெரிட் மனம் உருகினார். டுவேன் இன்ஜினை உறுமவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தபோதே, அவர் வண்டியின் பக்கவாட்டில் குனிந்து, கைப்பிடியைச் சுற்றிச் சமையலறையை உள்ளே இழுத்தார். அர்லீன் தொட்டியை அங்கிருந்த கல் ஒன்றின்மேல் வைத்துவிட்டு, அவர் சுற்றுவதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பத்திரம் மேடம்," என்று கைப்பிடியை அவளிடம் கொடுத்தார். "இது தொலைஞ்சா, அடுத்த தடவை சமையலறையைத் திறக்கிற இடத்துலயே வண்டி வேர் விட்டுடும்."

"அப்படியா," என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

கையெழுத்தெல்லாம் முடிந்தது. டுவேன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். "இன்ஜின் குதிரை மாதிரி இருக்கு சார். முதல்ல தெற்கே யூமா. இவ தங்கச்சியோட எலுமிச்சைத் தோட்டத்துல பத்து நாள் தலையைக் காட்டிட்டு, நேரா வடக்கே."

"போனதும் சமையலறையைத் திறந்துடணும். எனக்கு இடம் வேணும்," என்றாள் அர்லீன்.

"திற, திற. நானா வேணாங்கறேன்?"

வண்டி புழுதி கிளப்பிப் புறப்பட்டது. திரும்பி நடந்த மெரிட், செடித்தொட்டி இருந்த கல்லைப் பார்த்துத் திடுக்கிட்டார். கைப்பிடி அதன்மேல் கிடந்தது.

அவர் அதை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினார். நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் லாரி ஒன்றுக்கு வழிவிட்டு வண்டி நின்றிருந்தது. உள்ளே வானொலி அலறிக்கொண்டிருக்க, டுவேன் தலையாட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். மெரிட் அர்லீனின் பக்கத்து ஜன்னலைத் தட்டினார்.

"மேடம், கைப்பிடியை மறந்துட்டீங்க."

மடியில் செடியோடு உட்கார்ந்திருந்த அர்லீன், ஜன்னலை ஓர் அங்குலம் இறக்கினாள்.

"மறக்கல," என்று மெல்லச் சொல்லிவிட்டு, ஜன்னலை ஏற்றிக்கொண்டாள்.