லைசென்ஸ் உள்ளவன்

மலைமேல் சோளக்காடு ஊரில் கட்டிய புது லாட்ஜில் மச்சுத்தளம் இடிந்து விழுந்து, சித்தாள் கண்ணாயி செத்துப்போனாள். விசாரணைக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். லாட்ஜுக்கு உள் அலங்காரம் செய்த கோகுல்நாத்துக்கு நாற்காலி கிடைத்தது. சரக்கு வேன் ஓட்டும் வேல்முருகன் சுவரோரம் நின்றான்.

"மச்சைத் தாங்குன நடுச்சுவரை யாருங்க இடிக்கச் சொன்னது?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார். ஹால் அடைச்சாப்பல இருந்துச்சு."

"உங்க லைசென்ஸ்?"

"எங்க தொழிலுக்கு அப்படி ஒண்ணும் கிடையாதுங்களே."

"டீக்கடைக்கே லைசென்ஸ் கேக்கறோம்!" அதிகாரி பேனாவை மூடினார். "சரி, கேஸ் கோர்ட்டுல நடக்கட்டும். ரத்துப் பண்ண உங்ககிட்ட ஒண்ணுமில்லை. கிளம்புங்க சார்."

கோகுல்நாத் எழுந்துபோன நாற்காலியையே வேல்முருகன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏப்பா, அடிபட்டவளை நீதான் சரக்கு வேன்ல ஏத்திட்டுப் போனியா?"

"ஆமாங்க. வேற வண்டி கெடைக்கலீங்க."

"சரக்கு வண்டியில ஆளை ஏத்துனா லைசென்ஸ் போயிருமே. பொழப்புக்கு என்ன பண்ணுவ?"

அதிகாரிக்கே மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"ஏத்தும்போதே உசுரு இல்லைன்னு சொல்லிரு. பொணம்னா நான் விட்டுர்றேன். வண்டி ஓட்டிப் பொழைச்சுக்குவ."

வேல்முருகன் சட்டைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"உசுரு இருந்துச்சுங்க. பாதி மலை எறங்கற வரைக்கும் பேசிட்டேதான் வந்தா. வளைவுல பைய ஓட்டு மாமான்னா. எம் பொண்டாட்டி பேசுன பேச்சை நான் எப்படிங்க இல்லைங்கறது?"