அண்ணியின் அரை மணி நேரம்

பிறர் வலியைத் தன் வலியாக ஏற்பவனே மாமனிதன் என்பது ஆன்றோர் வாக்கு. அதை மைக்கில் முழங்கியவர் கவுன்சிலர் கோதண்டபாணி. எந்த ஆன்றோர் என்று அவருக்கே தெரியாது.

முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவருடைய அண்ணி இன்பவல்லிக்கு மூன்று வருடமாக இடது காலில் நெருப்பு. இப்போதுதான் வலிமாற்றுப் பட்டை ரேஷன் கடையிலேயே கிடைக்கிறதே! ஆளுக்கொன்று கட்டிக்கொண்டால் ஒருவர் வலி மற்றவருக்குப் போய்விடும். ‘அண்ணியின் வலியை அரை மணி நேரம் தாங்கும் அண்ணலே!’ என்று தெருமுனையில் ஃப்ளெக்ஸும் வைத்தாகிவிட்டது.

இன்பவல்லி முன்னாள் பஸ் கண்டக்டர். அந்த அரை மணியில் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு டிரிப் போய்வரத் திட்டம். சேலையை இழுத்துச் செருகி, பழைய விசிலையும் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

மேடையில் இருவரும் பட்டையைக் கட்டி அழுத்தினார்கள். கால் சில்லென்று குளிர்ந்தது. மேடையிலிருந்து ஒரே குதி! விசிலை ஊதி, “வழி விடு, வழி விடு, உள்ள போ!” என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். பஸ் ஸ்டாப் கண்ணில் பட்ட நேரம், கால் மறுபடி பற்றிக்கொண்டது.

திரும்பிப் பார்த்தாள். பட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு, கோதண்டபாணி மாலையும் கழுத்துமாக மேடையில் உருண்டுகொண்டிருந்தார்.

“அய்யோ அம்மா! எப்படித் தாங்குறீங்க அண்ணி?”

நாற்பது விநாடிதான் ஆகியிருந்தது. நொண்டிக்கொண்டே வந்த இன்பவல்லிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “பாதி வழியில எறக்கி விட்டுட்டீங்களே கொழுந்தனாரே! மீதி இருபத்தொம்பது நிமிஷத்துக்கு மறுபடி ஏத்திக்கிறீங்களா?”

“ஆம்புலன்ஸ கூப்பிடுங்க அண்ணி!”

கீழே கிடந்த பட்டையை அவள் காலாலேயே புரட்டினாள். அவளுடைய அன்றைய வலியின் அளவு அதில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பத்துக்கு மூன்று.