குடும்பத் தலைவர் நிரப்பியது

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா ஈவான் பிரைஸ், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்தவர். தமிழ் மனைவியையும் மகனையும் விட்டுவிட்டு, மகள் லிடியாவை மட்டும் படிக்கவைக்க வேல்ஸுக்கு அழைத்துப்போனார். நன்றாகப் படிப்பதாக அவள் அம்மாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெருமையில்தான் எனக்கும் லிடியா என்று பெயர் வைத்தார்கள்.

அங்கே அவர் நடத்திய பண்ணையைத் தேடி நானும் அண்ணன் தவமணியும் வேல்ஸ் ஆவணக் காப்பகத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தோம். 1881ஆம் வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது கிடைத்தது. ஈவான், வெள்ளைக்கார மனைவி, மூன்று மகன்கள். கடைசி வரியில் லிடியா, வயது பத்தொன்பது, பிறந்த இடம் சேலம். உறவுமுறைக் கட்டத்தில் 'வேலைக்காரி' என்று இருந்தது.

அந்த வரியை அண்ணனிடம் காட்டினேன்.

"கறுப்பா இருந்ததால கணக்கெடுக்க வந்தவனே அப்படி எழுதியிருப்பான்" என்றார் அண்ணன்.

காப்பகப் பெண்ணிடம் கேட்டேன். "இல்லை, குடும்பத் தலைவர் நிரப்பிக் கொடுப்பதைத்தான் பதிவு செய்வார்கள்" என்றாள்.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊர்ல யாருக்கும் இதைச் சொல்ல வேணாம்மா."

"அவளும் யாருக்கும் சொல்லலியேண்ணா" என்றேன்.